பாத்தர் பாபு உடைத்த கல்

சனிக்கிழமை பிற்பகல் நான் கடைசி நிழற்கோடு வரை போட்டு முடித்து, பஞ்சின்மேல் வைத்து இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுப் போன கல், திங்கட்கிழமை காலையில் உடைந்து கிடந்தது. உள்ளங்கையை நிறைக்கும் கல் அது. ஆட்டுக்கடாவின் கொம்பைத் தட்டையாக்கிச் சுருட்டி வைத்தது போல இருக்கும். அம்மோனைட் என்று பெயர். எந்த யுகத்திலோ கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் ஓடு, மண்ணுக்குள் கிடந்து கிடந்து கல்லாகிப் போனது. அதன் வெளிச்சுற்றில் பாதியைக் காணோம். தவறி விழுந்திருந்தால் துகள் சிதறியிருக்கும், ஓரம் தாறுமாறாக இருக்கும். இங்கே ஓரம் சீராக இருந்தது. சிற்றுளியின் தடம் மூன்று இடங்களில் தெரிந்தது. உடைத்த ஆள் அவசரப்படவில்லை. வேலை முடிந்ததும் தட்டைத் துடைத்து, பஞ்சைச் சரிசெய்து, எண் எழுதிய சீட்டைக்கூட நேராக வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த நிதானம்தான் என்னை முதலில் பயமுறுத்தியது.

அப்போது நான் கல்கத்தாவில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் படம் வரைபவன். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, வேலை கிடைத்த ஊருக்கு மனைவியோடு ரயிலேறி வந்தவன். பவானிபூரில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை. அலுவலகத்தில் என் வேலை, பாறைகளிலிருந்து எடுத்துவந்த கல்லான சிப்பிகளையும் எலும்புகளையும் பார்த்துப் பார்த்து அச்சுக்காக வரைவது. கற்கள் இருந்த அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம். அவர்தான் அந்தக் கற்களுக்கு இனம் பிரித்துப் பெயர் சூட்டிப் புத்தகம் எழுதுகிறவர். இரண்டாவது சாவி அவருடைய உதவியாளரான வங்காளி ஒருவரிடம். மூன்றாவது என்னிடம். துரை தம் புத்தகத்துக்கான கல்லைத் தாமே உடைக்கமாட்டார். நான் உடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடைசியாக அந்தக் கல்லைத் தொட்டவன் நான் என்று பதிவேட்டில் என் கையெழுத்தே சொல்லிற்று. இழுப்பறையை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே என் கண்கள் அந்த உதவியாளரின் முதுகின்மேல் போய் ஒட்டிக்கொண்டன.

அலுவலகத்துச் சேவகர்கள் அவரைப் பாத்தர் பாபு என்பார்கள். பாத்தர் என்றால் வங்காளி மொழியில் கல். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கனத்த மூக்குக்கண்ணாடி, முழங்கையில் தைத்துப் போட்ட கோட்டு. வலது கையின் மூன்று விரல் நுனிகள் மஞ்சளாக வெந்து தோலுரிந்திருக்கும். கல்லின்மேல் ஒட்டிய சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் தொடுவதால் வந்தது என்றார்கள். பேச்சு மிகக் குறைவு. நான் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு போய், பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிவிட்டு, “கல்லில் முப்பத்தொரு வரி இருக்கு, மதராசி பாபு. நீங்க முப்பது போட்டிருக்கீங்க” என்று திருப்பித் தருவார். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்றாகத்தான் இருக்கும். எனக்கு அவர்மேல் அதற்கு முன்பே கொஞ்சம் புகைச்சல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டது பாதி இந்துஸ்தானி, பாதி ஆங்கிலம். இப்போது தமிழில் எழுதும்போது என் வீட்டுப் பேச்சு அவர் வாயிலும் ஏறிக்கொள்கிறது.

அது வெள்ளைக்கார சர்க்கார் வங்காளத்தை இரண்டாக வெட்டி, அதை எதிர்த்து வாலிபர்கள் குண்டு வீசிக்கொண்டிருந்த காலம். டிராமில் பக்கத்து ஆள் மடியில் ஒரு மூட்டை இருந்தால் தள்ளி உட்காருவோம். எந்த வீட்டு மாடியில் குண்டு செய்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூட வாத்தியார் பிடிபட்டார் என்பதுதான் பேச்சு. எங்கள் சந்தில் ஒரு வாலிபனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். அமிலமும் பொடியும் உலோகத் தகடும் வைத்திருப்பவனைப் போலீஸ் முதலில் பிடித்துவிட்டுப் பிறகுதான் கேள்வி கேட்கும். இந்த நிலையில், விரல் வெந்த ஒரு மனிதர் தினமும் சாயங்காலம் கனமான தோல்பையோடு வெளியே போவதை நான் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் அதே பை தொளதொளவென்று வரும். அவர் மேசையில் பூட்டு போட்ட தகரப் பெட்டி ஒன்று இருந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் அதை மூடுவார். நான் வெளியே போவது போலப் போய்ச் சட்டென்று திரும்பி வந்தாலும் மூடுவார். ஒருவரையொருவர் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டே அந்த மழைக்காலம் முழுவதும் ஓடிற்று.

அப்போது துரையின் கையில் ஒன்பது கற்கள் இருந்தன. எல்லாம் எங்கள் பக்கத்துச் சரக்குத்தான். திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஓடைக் கரைகளில் பொறுக்கியவை. ஐந்து கற்கள் ஒரு கீழோடையில் கிடைத்தவை. நான்கு, பல மைல் தள்ளி மேட்டு நிலத்திலிருந்த ஒரு பள்ளத்தில் கிடைத்தவை; அதை மேட்டுப் பள்ளம் என்போம். ஒன்பதும் வழவழவென்று, தட்டையாக, ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. துரை அவற்றை ஒரே இனம் என்று முடிவு கட்டிப் பெயரும் வைத்துவிட்டார். ஒரே பிராணி இரண்டு இடத்திலும் கிடைத்ததால் இரண்டு இடத்துப் பாறையும் ஒரே காலத்தில் படிந்தவை என்பது அவர் புத்தகத்தின் பெரிய அத்தியாயம். ஒன்பதையும் நான் வரைந்துகொண்டிருந்தேன். உடைந்து கிடந்தது அவற்றில் ஏழாவது கல்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பாத்தர் பாபு என் பின்னால் வந்து நின்று, படத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பேசினார். அது வழக்கமே இல்லாத காரியம்.

“வெளியே பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்” என்றார். “உள்ளே வேற. உடைச்சாத்தான் தெரியும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம் மேசைக்குப் போய்விட்டார். அந்த மூன்று வாக்கியங்களும் எனக்குள் வேறு மாதிரி விழுந்தன. அவர் கல்லைச் சொல்கிறாரா, சர்க்காரைச் சொல்கிறாரா? என்னை ஆழம் பார்க்கிறாரா? தென்னாட்டுக்காரன், வாயை மூடிக்கொண்டிருப்பவன், கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாரா?

மறுநாள் அலுவலகம் விட்டதும் நான் அவரைப் பின்தொடர்ந்தேன். கிதிர்பூர் டிராமில் அவர் முன்வண்டியில், நான் பின்வண்டியில். அங்கிருந்து நடந்து கார்டன் ரீச் பக்கம் போனார். ஆற்றோரமாகக் கப்பல் பழுது பார்க்கும் பட்டறைகள்; சம்மட்டிச் சத்தம் காதைப் பிளந்தது. வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த ஒரு வாசலில், எண்ணெய்ப் பிசுக்கேறிய தாடிக்கார மிஸ்திரி ஒருவர் அவருக்காகவே காத்திருந்தார். பாபு பையிலிருந்து துணியில் சுற்றிய நான்கைந்து உருண்டைகளை எடுத்துக் கொடுத்தார். மிஸ்திரி அவற்றைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் அசைத்துவிட்டு, ஒரு சிறு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெயில் இன்னும் இருந்தது. அவர்கள் ஒளியவுமில்லை. ஆனாலும் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்ற எனக்கு, ஒளியாமல் நிற்பதே அவர்களுடைய தந்திரம் என்று தோன்றிற்று.

இரண்டு நாள் கழித்துத் துரை என்னைக் கூப்பிட்டார். ஏழாம் எண் கல் உடைந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார். நான் வாய் திறக்கும் முன்பே, “நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்” என்றார். பாபு ஒரு வருஷமாகவே கற்களை உடைத்துப் பார்க்க அனுமதி கேட்டு வந்ததாகவும் தாம் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அமிலம் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவாகிறது. நீ அவன் அறையில் உட்காருகிறாய். பார்த்ததை எழுதிக் கொடு. பெயர் போட வேண்டாம்” என்றார். துரைக்கு உண்மையிலேயே குண்டுப் பயமா, அல்லது தம் அத்தியாயத்துக்கு இடைஞ்சலாக இருந்தவரை அந்தப் பயத்தைக் கொண்டே தொலைத்துவிடலாம் என்ற எண்ணமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் அதை யோசிக்கவுமில்லை. பழி என்மேல் விழவில்லை என்பதே போதுமாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். சந்தேகத்துக்குரிய திரவம், பூட்டிய பெட்டி, பட்டறை, மிஸ்திரி, கைமாறிய உருண்டைகள். கடைசியில் அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள். விளக்கேற்ற வந்த என் மனைவி என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழில் சொன்னேன்.

“இதுல நீங்க பார்த்தது எது, நெனச்சது எதுங்க?” என்றாள்.

“எல்லாம் பார்த்ததுதான்.”

“உருண்டைன்னு எழுதியிருக்கீங்களே, துணிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?”

“கல்லா இருந்தா எதுக்குக் கப்பல் பட்டறைக்குக் கொண்டுபோறார்?”

“அதை அவருகிட்டதானே கேக்கணும். எங்கிட்ட கேட்டா?” என்றவள், “அந்த மனுஷனுக்குப் புள்ளைகுட்டி இருக்குதுங்களா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் அதுகூடத் தெரியவில்லை. மறுநாள் காலை காகிதத்தைத் துரையின் மேசையில் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் போலீஸ் வந்தது. பட்டப்பகலில், எங்கள் அறைக்குள்ளேயே. வங்காளி இன்ஸ்பெக்டர் ஒருவர், இரண்டு கான்ஸ்டபிள்கள். பாபு தகரப் பெட்டியின் சாவியைத் தாமே எடுத்துக் கொடுத்தார். “தயவுசெய்து கலைச்சுடாதீங்க, வரிசையா வெச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னார். இன்ஸ்பெக்டர் திறந்து பார்த்துவிட்டு, பஞ்சும் பொடிக்கல்லுமாகத் தெரிந்ததை அப்படியே மூடி மேசைமேல் வைத்தார். அமிலப் புட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அதே நேரத்தில் பாபுவின் வீட்டையும் சோதித்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அங்கே இன்னும் இரண்டு புட்டியும் ஒரு மூட்டை சாந்துப் பொடியும் அகப்பட்டன. அவரை அழைத்துக்கொண்டு போனபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படி தெரியாது. கான்ஸ்டபிள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதினோரு நாள் அவர் வரவில்லை. அந்த நாட்களில் நான் செய்த காரியம், அந்தப் பெட்டியைத் திறந்தது. நல்ல எண்ணத்தில் திறந்தேன் என்று சொல்லமாட்டேன். போலீஸ் கண்ணில் படாதது ஏதாவது என் கண்ணில் பட்டால், நான் எழுதியது சரி என்று எனக்கே சொல்லிக்கொள்ளலாமே என்றுதான் திறந்தேன். உள்ளே பஞ்சு விரித்த சிறுசிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல் சுருள். முதல் வரிசையில் கடுகளவு; அடுத்தது மிளகளவு; அடுத்தது கொண்டைக்கடலை அளவு; இப்படி வளர்ந்து வளர்ந்து கடைசியில் உள்ளங்கை அளவு. சிலவற்றை நடுவாக அறுத்து மெருகிட்டிருந்தார்கள். கப்பல் பட்டறைக்கு எதற்குப் போனார் என்று அப்போது விளங்கிற்று: மிஸ்திரியின் சாணைச் சக்கரத்தில் கல்லை அறுத்து மெருகிடத்தான். எல்லாவற்றின் அடியிலும் மணிமணியான கையெழுத்தில் பதினாறு பக்கக் குறிப்பு இருந்தது.

அதைப் படித்துத்தான் அந்தப் பிராணியின் சங்கதி எனக்குத் தெரிந்தது. அம்மோனைட் வளர வளரத் தன் ஓட்டின் வாயில் புதுச் சுற்றைக் கட்டிக்கொண்டே போகுமாம். பழையதைக் கழற்றி எறியாதாம். பிறந்தபோது இருந்த கடுகளவு ஓடு நடுவில் அப்படியே இருக்க, அதன்மேல் சிறு வயதுச் சுற்றுகள், அவற்றை மூடிக்கொண்டு பெரிய வயதுச் சுற்று. வெவ்வேறு வம்சத்தைச் சேர்ந்த பிராணிகள் பெரிய வயதில் ஒரே மாதிரி வழவழப்பாகத் தட்டையாகிவிடக்கூடும். ஆனால் இளம் வயதுச் சுற்றுகளில் அந்தந்த வம்சத்தின் அடையாளம் மறையாமல் நிற்கும். ஆகவே, வெளிச்சுற்றை மட்டும் பார்த்து இனம் பிரிக்கக்கூடாது என்பது பாபுவின் கட்சி. கீழோடைக் கற்களின் இளஞ்சுற்றில் கயிறு கட்டி இறுக்கியதுபோல் இடைவெளி விட்டுப் பள்ளங்கள் இருப்பதாகவும், மேட்டுப் பள்ளத்துக் கற்களின் இளஞ்சுற்றில் வரிவரியாக மேடுகளும் அவற்றின் முனையில் குருமணி போன்ற புடைப்புகளும் இருப்பதாகவும் எழுதியிருந்தார். இதையெல்லாம் அவர் சர்க்கார் கற்களில் பார்க்கவில்லை. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் வந்த மூட்டைகளில் உதவாது என்று ஒதுக்கிய உடைசல்களைப் பொறுக்கி, தினமும் பையில் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருந்தார். ஏழாம் எண்ணை மட்டும், “இதுவரை பார்த்தது ஒன்பதுக்கும் பொருந்துமா என்று ஐயம் தீராததால் அனுமதியின்றி உடைத்தேன்” என்று தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.

ஆக, என் சந்தேகம் முழுப் பொய்யுமில்லை. கல்லை உடைத்தவர் அவர்தான். ஆனால் நான் எழுதிக் கொடுத்தது அதையல்ல. பூதக்கண்ணாடியை எடுத்து ஏழாம் எண்ணின் உடைந்த வாய்க்குள் பார்த்தேன். அது மேட்டுப் பள்ளத்துக் கல். உள்ளே, வெளிச்சுற்றின் நிழலில், சின்னச் சின்ன மேடுகளும் புடைப்புகளும் இருந்தன. நான் ஒன்பது தடவை ஒரே மாதிரி வரைந்த உருவத்துக்குள் அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போதும் ஒரு குரல் எனக்குள் சொல்லிற்று: அந்த மனிதர் இதையெல்லாம் செதுக்கி வைத்திருக்கலாமே! கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பார்த்தேன். உளி படாத இடத்திலும் புடைப்பு தொடர்ந்து போயிற்று.

போலீஸ் அவரை விட்டுவிட்டது. மிஸ்திரி பட்டறை முதலாளியையே கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொன்னாராம். இரசாயனம் தெரிந்தவர்கள் அந்த அமிலத்தையும் பொடியையும் சோதித்து, கல்லைக் கழுவவும் பதித்து வைக்கவும் ஆகிற சரக்கு என்றார்களாம். ஆனால் வெளியே வந்தவருக்கு அலுவலகத்தில் விசாரணை காத்திருந்தது. சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று துரை எழுதியிருந்தார். விசாரித்தவர் அலுவலகத்துக்கே தலைவரான பெரிய துரை. யாரையும் நம்பாதவர் என்று பெயர் வாங்கியவர்.

அந்தச் சனிக்கிழமை கல் முழுதாக இருந்தது என்று சாட்சி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சொன்னேன். போகலாம் என்று துரை கையசைத்தார். பெரிய துரை, “இரு. உடைந்த பிறகு அந்தக் கல்லைப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“பார்த்தேன்.”

“உள்ளே என்ன இருந்தது?”

துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளில் கன்னம் ஒட்டிப்போன பாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் பவானிபூர் அறையைக் காலி செய்ய எத்தனை நாளாகும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடிற்று. “வெளியே நான் வரைந்தது ஒன்று. உள்ளே இருப்பது வேறு” என்றேன். பென்சிலும் காகிதமும் கேட்டு, ஏழாம் எண்ணின் உள்சுற்றையும், பெட்டியிலிருந்த கீழோடைச் சுருள் ஒன்றையும் அங்கேயே வரைந்து கொடுத்தேன்.

“படம் வரைகிறவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்” என்றார் துரை.

பெரிய துரை இரண்டு பேரையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. ஒன்பதில் பாபுவின் உளி படாத இரண்டு கற்களைத் தாமே தேர்ந்தெடுத்தார். “உள்ளே என்ன இருக்கும் என்று இப்போதே எழுதிக் கொடு” என்றார். பாபு சீட்டிலிருந்த இடப்பெயரைப் பார்த்துவிட்டு, முதல் கல்லுக்குப் பள்ளங்கள் என்றும் இரண்டாவது கல்லுக்குப் புடைப்புகள் என்றும் எழுதினார். உளியை அவர் கையில் கொடுக்கவில்லை. வேறொரு பகுதி அதிகாரியை வரவழைத்து உடைக்கச் சொன்னார்கள். முதல் கல்லின் வெளிச்சுற்று ஒரு கிண்ணத்தின் விளிம்புபோலக் கழன்று வந்தது. உள்ளே கயிறு கட்டி இறுக்கிய பள்ளங்கள், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாவது கல் ஒரே அடியில் நாலாகப் பிளந்தது. உள்ளே வெள்ளைப் படிகம் மட்டுமே நிறைந்திருந்தது. இளம் வயதுச் சுற்று எப்போதோ கரைந்துபோய், அந்த இடத்தில் படிகம் வளர்ந்திருந்தது.

“பாதி நிரூபணம்” என்றார் துரை.

“உங்களுடையது பாதிகூட இல்லை” என்றார் பெரிய துரை.

அத்தியாயம் நின்றுபோயிற்று. இரண்டு வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் கீழோடைக் கற்களுக்கு ஒரு பெயரும் மேட்டுப் பள்ளத்துக் கற்களுக்கு வேறொரு பெயரும் இருந்தன. இளஞ்சுற்றுகளின் படங்கள் தனிப் பக்கத்தில் வந்தன. அவை நான் வரைந்தவை. பாபுவின் பெயர் எங்கும் இல்லை. அனுமதியின்றி உடைத்ததற்காக அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. அதே மேசை, அதே பெட்டி என்று அவர் தம் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த விசாரணைக்குப் பிறகு நாங்கள் நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். முன்னைவிடக் கொஞ்சம் பேசினோம். அவருக்கு மூன்று பெண்கள் என்று தெரிந்துகொண்டேன். துர்கா பூஜைக்கு அவர் மனைவி எங்களுக்கு நாரிகேல் நாடு என்று தேங்காய் உருண்டை கொடுத்தனுப்புவாள். பொங்கலுக்கு என் மனைவி பதிலுக்கு ஏதாவது செய்து தருவாள். அந்தத் தேங்காய் உருண்டையை வாயில் போடும்போதெல்லாம், தெரிந்துதான் கொடுக்கிறாரா, தெரியாமல் கொடுக்கிறாரா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். அவர் ஏதாவது ஒரு பேச்சில் ‘போலீஸ்’ என்று சொன்னால் என் பேனா நின்றுவிடும். முன்பு அவர்மேல் இருந்த சந்தேகத்தைவிட, அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்ற இந்தச் சந்தேகம் பெரிய வாதையாக இருந்தது. “சொல்லிடுங்க, அதோட விட்டுது” என்று என் மனைவி வருஷத்துக்கு நாலு முறையாவது சொல்லியிருப்பாள்.

சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பும் வாரத்தில்தான் சொன்னேன். மத்தியான இடைவேளை. அவர் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பொரியைக் காகிதத்தில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே, “அந்தக் காகிதத்தை எழுதினது நான்” என்றேன்.

அவர் மென்று விழுங்கிவிட்டு, “தெரியும்” என்றார். “இரண்டாம் நாளே இன்ஸ்பெக்டர் படிச்சுக் காட்டினார். ‘உடைச்சாத்தான் தெரியும்’னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?”

“நாலு வருஷமா ஏன் கேக்கலை?”

“கல்லை உடைச்சுட்டு, நீங்க பயந்து நடுங்கினதைப் பார்த்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தவன் நான். பழி உங்க மேலே விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே நிச்சயமில்லை. எந்த முகத்தோட கேக்கறது?” என்றார். பிறகு பொரிக் காகிதத்தை மடித்துக்கொண்டே, கொஞ்சம் தயங்கி, “நானும் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க என் குறிப்பைத் துரைக்கு எடுத்துக் கொடுக்கறீங்கன்னு அப்போ நம்பினேன். அதனாலதான் பெட்டியைப் பூட்டினேன். இப்பவும் நீங்க வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பேன். எதுவும் குறைஞ்சதில்லை. ஆனாலும் எண்ணாம வீட்டுக்குப் போக முடியலை. தப்பா நினைக்காதீங்க” என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருக்கமாட்டேன், இதை நம்பினேன். காகிதத்தில் மிச்சமிருந்த பொரியை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்து தின்றேன்.

அவர் காலமாகிப் பல வருஷங்களாகிவிட்டன. நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். சென்ற மாதம் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி கடிதம் எழுதியிருந்தார். பழைய கோப்புகளைப் பார்த்து அலுவலகத்தின் சரித்திரம் எழுதுகிறாராம். ஓர் உதவியாளரைப் பற்றி, “குண்டுக் கூட்டத்தோடு தொடர்புள்ளவர் என ஐயம்” என்று பெயரில்லாத ஒரு காகிதம் கோப்பில் இருப்பதாகவும், அவரோடு ஒரே அறையில் வேலை செய்தவன் என்ற முறையில் அது உண்மையா என்று நான் சொல்லவேண்டும் என்றும் கேட்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விசாரணையில் நான் வரைந்த இரண்டு படங்களும் கோப்பில் இருக்கின்றனவா என்று அவர் எழுதவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பார்.

மூன்று பக்கம் பதில் எழுதினேன். அந்தக் காகிதத்தை எழுதியவன் நான் என்பதிலிருந்து தொடங்கி, இளஞ்சுற்றுகளைக் கொண்டு இனம் பிரிக்கவேண்டும் என்று அந்த அறையில் முதலில் சொன்னவர் யார் என்பது வரை எல்லாம் எழுதி, அடியில் முழுப் பெயரையும் விலாசத்தையும் போட்டேன். இரண்டு வாரத்தில் மரியாதையாக ஒரு பதில் வந்தது. கோப்பில் உள்ள எதையும் நீக்க அலுவலக விதி இடம் தராதாம். என் கடிதத்தையும் அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்களாம். ஆக, நான் எழுதிய இரண்டு காகிதங்களும் இப்போது ஒரே நாடாவுக்குள் கிடக்கின்றன. அடுத்தாற்போல் அந்தக் கட்டைப் பிரிக்கிறவர் எதை முதலில் படிப்பாரோ, படித்து எதை நம்புவாரோ, எனக்குத் தெரியாது.